பாலத்துக்கு இந்தப் பக்கம்: காட்பாடி ஊரான கதை

எங்கள் வீடு காட்பாடியில். வரி கட்டுவது வேலூர் மாநகராட்சிக்கு. ஆனால் சாயங்காலம் துணி எடுக்கவோ, பாத்திரக் கடைக்கோ கிளம்பும்போது வீட்டில் சொல்வது "வேலூர் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்" என்றுதான். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால்தான் எங்களுக்கு வேலூர். பாலத்துக்கு இந்தப் பக்கம் காட்பாடி. 2011-இல் இரண்டும் ஒரே மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. நான்கு மண்டலங்களில் முதல் மண்டலமே நாங்கள்தான். பேச்சு மட்டும் இன்னும் மாறவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கோ காட்பாடி என்றால் வேலூருக்கு இறங்க வேண்டிய ரயில் நிலையம், அவ்வளவுதான். இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்விடுவார்கள். அப்படி இறங்கிப் போகிற இடமாக மட்டும் இருந்த ஒன்று, ஏராளமானோர் வாழும் நகரப் பகுதியாக எப்படி மாறியது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காட்பாடி என்ற பெயரில் இன்று நாம் சொல்வது ஒரு ஊர் இல்லை. தாராபடவேடு, கழிஞ்சூர், விருதம்பட்டு, காங்கேயநல்லூர், காந்தி நகர், பழைய காட்பாடி கிராமம் என்று பல ஊர்கள் ஒட்டிப்போய் உண்டானது. மாநகராட்சியோடு சேர்வதற்கு முன்னால் இங்கே இருந்த நகராட்சியின் பெயர்கூட தாராபடவேடுதான். ஆனாலும் எல்லா ஊரையும் சேர்த்து மூடிக்கொண்ட பெயர் காட்பாடி. அதற்குக் காரணம் ரயில்.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அங்கிருந்து தண்டவாளம் மேற்கே நீண்டு, 1860-களின் தொடக்கத்திலேயே மேற்குக் கடற்கரையை எட்டியது. வாலாஜா ரோடு தாண்டி முகுந்தராயபுரம், திருவலம், காட்பாடி, லத்தேரி என்று அந்தப் பாதை பாலாற்றின் வடக்குப் பக்கமாகவே போகிறது. கோட்டையும் பட்டாளமும் கடைத்தெருவும் இருந்த வேலூரோ தெற்குக் கரையில். ஆக, ரயில் ஏற வேண்டுமென்றால் வேலூர்க்காரர்கள் ஆற்றைக் கடந்து வந்தாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில்தான் காட்பாடியின் கதையே தொடங்குகிறது என்பேன்.

வேலூர் ஊருக்குள் ரயில் வர மேலும் ஒரு தலைமுறை ஆனது. 1891-ஐ ஒட்டி விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர் கண்டோன்மென்ட் வழியாகக் காட்பாடிக்கும், அப்புறம் பாகாலா, திருப்பதி பக்கத்துக்கும் மீட்டர்கேஜ் பாதை வந்தது. காட்பாடி ஜங்ஷன் ஆனது. சென்னையிலிருந்து வருவது அகலப் பாதை, இது மீட்டர் பாதை. ஒரு வண்டி இன்னொன்றின் தண்டவாளத்தில் ஓடாது. ஆளோ மூட்டையோ எதுவாக இருந்தாலும் இங்கே இறங்கி, மாறி, மறுபடி ஏற வேண்டும். இப்படி இரண்டு அகலம் சந்திக்கிற நிலையத்தில் கூலி வேலை, வண்டி, சாப்பாட்டுக் கடை, தங்க இடம் எல்லாம் தானாக வந்து சேரும். திருப்பதி பாதையும் வேலூர்–விழுப்புரம் பாதையும் அகலமாகி, அந்த மாறி ஏறும் வேலை முழுக்க முடிவுக்கு வந்தது 2010 வாக்கில்தான். இன்று சென்னை, ஜோலார்பேட்டை, திருப்பதி, விழுப்புரம் என்று நான்கு திசைக்கும் இங்கிருந்து வண்டி உண்டு.

ரயிலுக்கு முன்னால் இந்த வட்டாரத்தில் எதுவுமே இல்லை என்று யாராவது நினைத்தால் அது தப்பு. காட்பாடி வட்டத்துக்குள்தான் மேல்பாடி இருக்கிறது. முதலாம் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படையாக, அதாவது நினைவுக் கோயிலாக, எழுப்பிய கற்றளி அங்கே இன்றும் நிற்கிறது. அதற்குக் கொஞ்ச தூரத்தில் வள்ளிமலை. மேலே குகையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கங்க மன்னன் ராஜமல்லனின் கல்வெட்டு. கீழே வள்ளியை முருகன் மணந்த கதையைச் சொல்லும் கோயில். ஒரே மலை இரண்டு சமயத்தின் நினைவையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. திருவலத்தில் பொன்னையாற்றங்கரை வில்வநாதேஸ்வரர் கோயில் தேவாரப் பாடல் பெற்றது. வேலூர் வருகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டு ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். மேல்பாடிக்குப் போகிறவர் குறைவு. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

சரி, ரயில் கதைக்கு வருவோம். ரயில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும். அவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பதை முடிவு செய்தது எதிர்க்கரையில் ஒரு மருத்துவமனை. 1900-இல் அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1902-இல் நாற்பது படுக்கை மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று வளர்ந்த அதுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, சுருக்கமாக சி.எம்.சி. வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். வருகிற வழி காட்பாடி.

விடியற்காலையில் ஸ்டேஷனுக்குப் போய் நின்று பார்த்தால் புரியும். வடக்கே இருந்து ஒரு எக்ஸ்பிரஸ் வண்டி வந்து நின்றதும் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். ஒருவர் கையில் பெரிய எக்ஸ்ரே கவர், மடங்காமல் மார்போடு அணைத்தபடி. இன்னொருவர் தோளில் அரிசிப் பை, அதற்குள் குக்கரின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு மாதம் தங்க வேண்டி வந்தால் ஹோட்டல் சாப்பாடு கட்டுப்படியாகாது, உடம்புக்கும் ஒத்துக்கொள்ளாது என்று சமையலுக்குத் தயாராகவே வருகிறவர்கள். நடுவில் நாற்காலியில் உட்காரவைத்த ஒரு பெரியவரோ, அம்மாவின் மடியில் கண்ணை மூடிக் கிடக்கிற குழந்தையோ. வெளியே நம் ஆட்டோ அண்ணன்கள் "ஹாஸ்பிடல் ஜாபென்?" என்று வங்காள மொழியிலேயே கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த பாஷை கிடையாது. வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு வந்தது. பதில் வந்ததும் பக்கத்து ஆட்டோக்காரரிடம் திரும்பி, "நீ இரு, நான் வுட்டுட்டு வந்துகினே இருக்கேன்" என்று வட ஆற்காட்டுத் தமிழில் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புவார். இந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மனசு இளகிவிடுகிறது. பயந்து வந்து இறங்குகிற ஒரு குடும்பத்துக்கு இந்த ஊரில் முதலில் காதில் விழுவது தங்கள் மொழி.

ஸ்டேஷனிலிருந்து சி.எம்.சி. வழியாகப் பாகாயம் வரை ஓடும் ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் டவுன் பஸ்கள்தான் இந்த இரட்டை ஊரின் முதுகெலும்பு. ரயில் நிலையம், சித்தூர் பஸ் ஸ்டாண்டு, ஓடைப்பிள்ளையார் கோயில், சில்க் மில், விருதம்பட்டு, பாலம், புது பஸ் ஸ்டாண்டு என்று ஸ்டாப் பெயர்களைச் சொன்னாலே ஊரின் படம் மனதில் வந்துவிடும். இதில் சித்தூர் பஸ் ஸ்டாண்டு என்ற பெயரைக் கவனியுங்கள். இங்கிருந்து வடக்கே கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடி தாண்டினால் ஆந்திரம். 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர்தான். சித்தூர் தனி மாவட்டமான பிறகுதான் அந்தப் பெருமை வேலூருக்கு வந்தது. மாநில எல்லை பிற்பாடு வந்தாலும் உறவுகள் அப்படியே நின்றன. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே ஏராளம். பெண் கொடுத்து எடுப்பது, மாட்டுச் சந்தை, திருப்பதி நடைப்பயணம் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடக்கிறது. உருது பேசும் முஸ்லிம் குடும்பங்களும் கிறிஸ்தவக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள். ஒரே தெருவில் மூன்று மொழி கேட்பது இங்கே யாருக்கும் புதுசு இல்லை.

படித்த நடுத்தரக் குடும்பங்கள் வந்து குடியேறிய பகுதி காந்தி நகர். கிழக்கு, மேற்கு என்று மெயின் ரோடுகள், எண் போட்ட குறுக்குத் தெருக்கள், நேர்கோட்டில் மனைகள். சுற்றியிருக்கிற பழைய ஊர்களின் வளைந்து நெளிந்த தெருக்களிலிருந்து இதற்குள் நுழைந்தால் வித்தியாசம் காலடியிலேயே தெரியும். 1954-இல் இங்கே ஆக்ஸிலியம் மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது. கிராமத்திலிருந்து பெண்ணை மேல்படிப்புக்கு அனுப்பத் தயங்கிய காலத்தில், நடந்தோ ஒரு பஸ் பிடித்தோ போய்வருகிற தூரத்தில் கல்லூரி வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சுற்று வட்டாரப் பள்ளிகளில் பாடம் எடுத்த எத்தனையோ டீச்சர்கள் அங்கே படித்தவர்கள்தான்.

அதற்கு முப்பது வருஷம் கழித்து வந்தது இன்னொரு அலை. 1984-இல் ஜி. விசுவநாதன் வேலூர் பொறியியல் கல்லூரியை 180 மாணவர்களோடு தொடங்கினார். தமிழ்நாட்டில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வரத் தொடங்கிய நேரம் அது. 2001-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி வி.ஐ.டி. என்ற பெயரில் நாடு முழுவதும் தெரிய ஆரம்பித்தது. திருவலம் போகிற ரோட்டில், பிரம்மபுரம் பக்கம் அந்த வளாகம். அதைச் சுற்றியிருந்த நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் நட்ட மனையாகியது. கேழ்வரகும் நிலக்கடலையும் விளைந்த இடத்தில் விடுதி, மெஸ், ஜெராக்ஸ் கடை, டீக்கடை, அடுக்குமாடி. மாடி வீடு கட்டுகிறவர் மேல்தளத்தை வாடகைக்கு என்று நினைத்தே கட்டுகிறார். ஒரு குடும்பத்தின் பிள்ளைப் படிப்பும் பெண் கல்யாணமும் அந்த மாடி வாடகையில் நடக்கிறது. இன்னொரு பக்கம், உள்ளூரில் சாதாரணக் கூலி வேலை பார்க்கிறவருக்கு வாடகை வீடு பிடிப்பதே கஷ்டம் என்றாகிவிட்டது. ஸ்டேஷன் பக்கம் ஒரு வீடு கேட்டால், விலை சொல்வதற்கு முன்னால் மாணவர்களா, நோயாளிக் குடும்பமா என்றுதான் கேட்கிறார்கள்.

வேலூர் இப்படி இரண்டு கரையிலும் பரவியதால்தான் நிர்வாகமும் பின்னாலேயே ஓடி வந்தது. 1866-இல் நகராட்சியான வேலூர், 2008 ஆகஸ்ட் 1-இல் மாநகராட்சி ஆனது. 2011-இல் தாராபடவேடு, சத்துவாச்சாரி உள்ளிட்ட பக்கத்து ஊர்கள் சேர்ந்தன. மக்கள்தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியது; வார்டுகள் 60. நடுவில் வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பதின்மூன்று சட்டமன்றத் தொகுதி இருந்த வேலூர் மாவட்டத்தில் இப்போது காட்பாடி, வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் என்று ஐந்துதான். மாவட்டம் சுருங்கச் சுருங்க, ஆற்றின் இரு கரை நகரமே மாவட்டத்தின் முக்கியப் பகுதி என்ற நிலைமை வந்துவிட்டது.

புறநகர் என்றாலே நகரத்தின் வால் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அதை எனக்கு ஏற்க முடியவில்லை. சத்துவாச்சாரியைப் பாருங்கள். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல், பூஜை இல்லாமல் கிடந்தது. "சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை" என்று வேலூரைப் பற்றிச் சொல்லும் வசனத்தில் முதல் துண்டு அதனால் வந்ததுதான். அந்த லிங்கம் அத்தனை காலமும் சத்துவாச்சாரியில் பத்திரமாக இருந்தது. 1981-இல்தான் கோட்டைக்குத் திரும்பி வந்தது. நகரத்தின் சாமியையே காப்பாற்றி வைத்திருந்து கொடுத்தது ஒரு பக்கத்து ஊர்.

எங்கள் பக்கத்தில் காங்கேயநல்லூருக்கும் அப்படி ஒரு சிறப்பு உண்டு. கிருபானந்த வாரியார் சுவாமிகள் 1906-இல் பிறந்த ஊர் அது. பள்ளிக்கூடத்தில் படிக்காமல் அப்பாவிடமே பாடம் கேட்டு, திருப்புகழையும் புராணத்தையும் தமிழ்நாடு முழுக்க எளிய தமிழில் பேசிப் பேசியே ஜனங்களிடம் சேர்த்தவர். 1993-இல் மறைந்த பிறகு அவரைச் சொந்த ஊரிலேயே, முருகன் கோயில் எதிரில் அடக்கம் செய்தார்கள். இன்று அந்த ஊரும் மாநகராட்சிக்குள். பஸ்ஸில் போகும்போது அங்கே ஒரு கிராமம் இருந்தது என்பதே வெளியே தெரியாது. ஆனால் உள்ளே தெருவுக்குள் போனால் கோயிலைச் சுற்றி ஊர் இன்னும் ஊராகவே இருக்கிறது.

இனி தண்ணீர். இதைச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எழுதவே கூடாது. பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் உற்பத்தியாகி, ஆந்திரத்தைத் தொட்டு, வாணியம்பாடி வழியாக வருகிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் இங்கே மணல்தான். மேலே அணைகளும் தடுப்பணைகளும், வழியில் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு, அப்புறம் மணல் கொள்ளை. ஆறு இருந்தும் ஆற்றுத் தண்ணீரை நம்ப முடியாமல், மேட்டூர்ப் பக்கமிருந்து காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரை போக வேண்டி வந்தது. அதில் ஒரு கொடுமை நடந்தது. 2019 கோடையில் சென்னை வறண்டபோது, இந்தத் திட்டத்துத் தண்ணீரை ஜோலார்பேட்டையில் டேங்கர்களில் நிரப்பி ரயிலில் அனுப்பினார்கள். 50 டேங்கர், ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர். ஜூலை 12 அன்று முதல் வண்டி கிளம்பியது. காட்பாடி வழியாகத்தான் போனது. தண்ணீருக்குத் தவிக்கிறவர்கள் சென்னையில் இருந்தார்கள், கொடுத்ததைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெருக்குழாயில் வரிசையாகக் குடம் வைத்துவிட்டுக் காத்திருந்த ஊரின் நடுவே அந்த வண்டி போனது மனதை விட்டுப் போகவில்லை.

இரண்டே வருஷத்தில் நிலைமை தலைகீழ். 2021 நவம்பரில் பாலாறும் பொன்னையாறும் கரை நிரம்பி ஓடின. 1903-க்குப் பிறகு இப்படி ஒரு வெள்ளம் வந்ததில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து தண்ணீர் பார்த்தார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். அடுத்த மாதமே திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் நடுவே பொன்னையாற்று ரயில் பாலத்தில் பழுது கண்டு, ரயில்கள் சில நாள் நின்றன. எந்தத் தண்டவாளம் இந்த ஊரை உண்டாக்கியதோ அதை ஆறு அறுத்துவிட்டால் ஊர் என்ன ஆகும் என்று அந்தச் சில நாளில் தெரிந்தது. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்கள் வரிசையாகச் சும்மா நின்றன.

ஆற்றைவிட எனக்குக் கவலை ஏரிகளைப் பற்றித்தான். கழிஞ்சூர் ஏரி, தாராபடவேடு ஏரி இரண்டும் ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்தவை. வயல் மனையானதும் ஏரிக்குப் பாசன வேலை போய்விட்டது. வேலை இல்லாத ஏரியை யாரும் மதிப்பதில்லை. வரத்துக் கால்வாயில் வீட்டுக் கழிவுநீர் வந்து சேர்ந்தது, குப்பை சேர்ந்தது. பிற்பாடு இரண்டையும் சீரமைத்து நடைபாதை, படகு என்று வேலைகள் எடுக்கப்பட்டன. நல்லதுதான், படகு விடட்டும். ஆனால் ஏரி உயிரோடு இருக்கத் தேவைப்படுவது வரத்துக் கால்வாய். மலையிலிருந்து மழைத் தண்ணீர் இறங்கி வருகிற வழியில் கட்டடம் நின்றால், கரையில் எத்தனை விளக்கு போட்டாலும் ஏரியில் நிற்பது சாக்கடைதான். ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த ஏரிகள்தான் அடியில் தண்ணீர் கொடுப்பவை. மனை வாங்குகிறவர்கள் பட்டாவைப் பார்ப்பது போல, பழைய வரைபடத்தில் கால்வாய் எங்கே போகிறது என்றும் பார்த்தால் நன்றாக இருக்கும்.

போக்குவரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கரையை இணைக்கும் பாலம், ஸ்டேஷன் பக்கம் ரயில்வே மேம்பாலம், இவற்றில் எது அடைபட்டாலும் ஊர் இரண்டு துண்டு. 2022-இல் மேம்பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது, பத்து நிமிஷத் தூரத்துக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போனோம்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள், இரண்டு கரையும் பாலத்தை நம்பாமல் சந்திக்கின்றன. மாசி மாதம், சிவராத்திரிக்கு அடுத்த அமாவாசையில் வருகிற மயானக் கொள்ளை. இந்தப் பக்கம் விருதம்பட்டு, கழிஞ்சூர், மோட்டூர். அந்தப் பக்கம் தோட்டப்பாளையம், சைதாப்பேட்டை, ஓல்டு டவுன். ஒவ்வொரு ஊரிலிருந்தும் அங்காளம்மன் தேரில் கிளம்பி ஆற்றங்கரை மயானத்துக்கு வருவாள். பம்பையும் உடுக்கையும் காதைப் பிளக்கும். முகத்தில் நீலமும் சிவப்பும் பூசி, நாக்கைத் துருத்தி, காளி வேஷம் கட்டியவர்கள் தேருக்கு முன்னால் ஆடி வருவார்கள். வேஷம் கட்டியிருப்பவர் நேற்று உங்களுக்குச் சில்லறை கொடுத்த கடைக்காரராக இருப்பார். இன்று அவர் எதிரே வந்தால் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றும். மயானத்தில் மண்ணால் பெரிய உருவம் படுக்கவைத்திருப்பார்கள். பூஜை முடிந்ததும் கொழுக்கட்டை, சுண்டல், காய்கறி, சில்லறைக் காசு எல்லாம் கூட்டத்தில் இறைபடும். பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். நிலத்தில் போட்டால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. நிலம் இல்லாதவர்களும் ஒரு கைப்பிடி முடிந்துகொண்டு போகிறார்கள், சிலர் மாடியில் வைத்த ரோஜாத் தொட்டியில் போடுகிறார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் பாலத்தின் மேல் டவுன் பஸ்கள் நகராது. கீழே காய்ந்த மணலில் பொரி உருண்டையும் பலூனும் விற்கிற கடைகள், நடுவில் இரண்டு கரையிலிருந்தும் நடந்து வந்த ஜனங்கள். அத்தை ஒரு பக்கத்திலிருந்து, அண்ணன் குடும்பம் மறுபக்கத்திலிருந்து வந்து, கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு நிற்பார்கள். அன்று வீட்டிலிருந்து கிளம்பும்போது "வேலூர் போய்ட்டு வரேன்" என்று யாரும் சொல்வதில்லை. "ஆத்துக்குப் போறேன்" என்பார்கள்.